பாட்டோடு பேரும் போகட்டும்: பெரம்பூர்க் குறிப்புகள்

மரபுக் கலைகளை மீட்பது பற்றி நகரத்தில் எங்கே கூட்டம் நடந்தாலும் பரதம், கர்நாடக இசை, தெருக்கூத்து, பறை, பொம்மலாட்டம் என்று வரிசை போகும். வடசென்னைத் தெருப்பாட்டான கானா அந்த வரிசையில் வருவது அபூர்வம். பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து வியாசர்பாடி ஜீவா வரை நடந்து போய்ப் பாருங்கள். ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், மீன்பாடி வண்டிக்காரரின் சட்டைப் பையில் இருக்கும் போனில் கேட்பது கானாதான். யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடாமல் தன் காலில் நிற்கும் கலை. அதனாலேயே அதற்காக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாடியவர்தான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி அவ்வப்போது குறித்துவைத்தவை இவை.

*

சாவு வீட்டில் பாடும் மரண கானா எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

தெருவை அடைத்துப் பந்தல். ஐஸ் பெட்டிக்குள் உடல், தலைமாட்டில் விளக்கு. இருட்டிய பிறகு பாடகர் வருவார். மாலை போட்டுக் கும்பிடுவார். நேராக மைக்கைப் பிடிக்க மாட்டார். வீட்டு ஆள் ஒருவரைத் தனியே உட்கார வைத்துக் கேட்பார்: “அப்பா பேரு இன்னா? எங்க வேல பாத்தாரு? எத்தினி புள்ளைங்க? மூத்த மருமவ பேரு? பேரப் பசங்க பேரெல்லாம் சொல்லு.” கண்ணீர் அஞ்சலி நோட்டீஸின் பின்பக்கத்தில் எல்லாம் ஏறும். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். வருஷம் தவறாமல் ஐயப்பனுக்கு மாலை போட்டவர். கேரம் போர்டில் கில்லாடி. கடைசிப் பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிவிட்டார். கையில் இருக்கும் சரக்கு இவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் அது பாட்டாகிவிடும்.

டோலக்கின் இடது பக்கத் தோலுக்கு உட்புறம் மசாலா பூசியிருக்கும். அதனால்தான் அந்தப் பக்கம் கனத்த நாதம். உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தி இழுத்தால் ஒலி வளைந்து எழும். வலது பக்கம் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பாடகர் கடைசிப் பெண்ணின் பேரைச் சொல்லும் இடத்தில் டோலக் சட்டென்று நின்றுவிடும். அந்த ஒரு நொடியில் வீடே ஓவென்று அழும். அழுகை தாழ்ந்ததும் தாளம் மறுபடி எடுக்கும். கல்லாய் உட்கார்ந்திருப்பவரை அழவைப்பதும், அழுது ஓய்ந்தவரை விடிவதற்குள் ஒரு தடவையாவது சிரிக்கவைப்பதும் அவர்கள் வேலை. இதற்குப் பாடத்திட்டம் கிடையாது. வாத்தியார் கூடவே பல சாவு வீடுகளுக்குப் போய்த்தான் பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

*

அந்த வெல்டருக்காக, அந்த ஓர் இரவுக்காகக் கட்டிய பாட்டு. அதை யாரோ போனில் எடுக்கிறார்கள். துபாயில் இருக்கும் மகன் வீடியோ காலில் பார்த்து அழுகிறான். போன் செய்யும் ஆகப்பெரிய நன்மை இதுதான், இதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அப்பாவின் கடைசி ராத்திரி கிடைக்கிறது.

அடுத்த வாரம் அதே பாட்டின் முப்பது நொடித் துண்டு வேறு யாருடைய பக்கத்திலோ, வேறு யாருடைய முத்திரையோடோ ஓடுகிறது. பாடியவர் பேர் இல்லை. டோலக் அடித்தவர் பேர் இல்லை. யாருக்காகப் பாடினார்கள் என்ற தகவலும் இல்லை. கீழே ஆயிரம் பேர் கண்ணீர்ப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

*

கானாவில் மரண கானா ஒரு கிளைதான். சாமிப் பாட்டு உண்டு, நட்பைப் பாடும் பாட்டு உண்டு, ஜெயில் கானா உண்டு, இரண்டு பேர் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்ளும் போட்டிக் கானா உண்டு. கானாக்காரர்களிடம் பேசினால் சித்தர்களையும் குணங்குடி மஸ்தான் சாகிபுவையும் தங்கள் முன்னோராகச் சொல்வார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து வடசென்னையில் தங்கிய சூஃபி ஞானி அவர். ராயபுரத்தில் அவர் தர்கா இருக்கிறது. தொண்டியார் இருந்த இடம் என்பதால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பேர் வந்தது என்று இந்தப் பக்கத்தில் சொல்வது வழக்கம். உடம்பின் நிலையாமையைப் பாடிய ஒரு ஞானியையும் சாவு வீட்டில் பாடும் ஓர் இளைஞனையும் ஒரே கொடியில் வைத்துப் பார்க்கும் பார்வை ஏட்டறிஞர்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. பாடுகிறவர்களே வைத்திருப்பது.

*

பூங்கா நகர்ப் பக்கம் குஜிலிக் கடைத்தெருவில் ஒரு காலத்தில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். ரயில் விபத்தா, கொலை வழக்கா, புயலா, வெள்ளமா, எது நடந்தாலும் சில நாளில் சிந்தாகவோ கும்மியாகவோ அச்சில் வந்துவிடும். முச்சந்தியில் நின்று பாடிக்காட்டியே விற்பார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற புத்தகத்தில் இந்த உலகத்தை நமக்குத் திறந்து காட்டினார். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அந்த மெல்லிய புத்தகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அவற்றின் அட்டையைப் பாருங்கள். தாள் சாணித்தாள், அச்சு மங்கல், எழுத்துப் பிழை ஏராளம். ஆனாலும் இயற்றியவர் இன்னார், அச்சிட்ட கூடம் இன்னது, விலை இவ்வளவு என்று போட்டிருக்கும். படித்தவர்கள் தொடக்கூட விரும்பாத அந்தப் புத்தகம் நூறு வருஷம் கழித்தும் தன்னைப் பாடியவனின் பேரைச் சொல்கிறது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் கருவி எவ்வளவு வேண்டுமானாலும் எழுத இடம் தருகிறது. அதில் ஒரு பேரை எழுத மனம் வரவில்லை நமக்கு.

*

பெரம்பூர் சம்பந்தமான ஒரு பழைய செய்தி. ‘பின்னி மில்’ என்று நாம் சொல்லும் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில் தொழிலாளர்கள் வேலை முடிந்து கூடிய இடம் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் நடத்தியது. சமயச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் அங்கேயே தங்கள் கஷ்டத்தையும் பேச ஆரம்பித்தார்கள். திரு.வி.க. அங்கே வந்து பேசினார். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம்பெற்றது அது.

உட்கார ஓர் இடமும் கூடுவதற்கு ஒரு நேரமும் கிடைத்தால் போதும், இந்த மக்கள் அதிலிருந்து என்ன வேண்டுமானாலும் உண்டாக்குவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மில் 1996இல் மூடிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து கும்பலாக வெளியே வரும் சாயங்காலங்களும் அதோடு போயின. இன்றைக்குக் கானாப் பையன்கள் பழகுவது கேரம் கிளப்பிலும் மொட்டை மாடியிலும் மைதானத்து ஓரத்திலும்தான். போனைப் பற்றிப் பேசும்போது இந்த இடப் பற்றாக்குறையையும் சேர்த்துப் பேச வேண்டும். கூட இடமில்லாத கலை போனுக்குள் ஒண்டிக்கொள்கிறது.

*

கேசட் காலத்தில் கானா தெருவைத் தாண்டியது. சினிமா அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. 1990களில் தேவாவின் இசையில் கானா பட்டிதொட்டியெல்லாம் கேட்டது. 1996இல் வந்த ‘காதல் கோட்டை’யில் அவரே பாடியதும் நினைவிருக்கும். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடினார், திரையிலும் வந்தார். 2012இல் ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலாவை எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். சட்டம் படித்தவர் அவர்.

இந்த மூன்று பேரும் சினிமாவில் நின்றபோது பேரோடு நின்றார்கள். அதனால்தான் இன்றைக்கும் சொல்ல முடிகிறது. சினிமாவுக்குள் பேர் இல்லாமல் போன மெட்டுகளும் சொற்களும் எத்தனை என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. வாய்வழி வந்த பாட்டு, யார் எழுதினார்களோ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எழுதியவர் இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் உயிரோடு இருப்பார்.

*

பேருக்காக நடந்த ஒரு சர்ச்சையை நாடே பார்த்தது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளிவந்தது. ஒப்பாரியின் சாயலும் மண்ணை உழுது பண்படுத்தியும் அதில் பங்கு கிடைக்காதவர்களின் கதையும் அதில் கலந்திருந்தன. பாடகர் அறிவு எழுதிப் பாடியது, பாடகி தீ உடன் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டைச் சொல்லி தீயின் படமும் வேறொரு கலைஞரின் படமும் வந்தன. அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். பலரும் கேட்டார்கள். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று சொன்னார்.

கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கு, பேர் தெரிந்த கலைஞர்களுக்கு இந்த நிலை. புளியந்தோப்பில் சாவு வீட்டில் பாடும் பையனுக்காக எந்தப் பத்திரிகையில் யார் கேட்பார்கள்?

*

யூடியூபில் கானாப் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டது.

விளம்பர வருமானம் வர வேண்டுமானால் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்னும் சின்னத் துண்டுகளுக்கு வேறு கணக்கு. தனியாளாக அந்த அளவை எட்டுவது கஷ்டம். அதனால் ஏற்கெனவே ஓடும் சேனலுக்குப் போய்ப் பாடுகிறார்கள். ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பாட்டு பத்து வருஷம் ஓடினாலும் வருமானம் சேனலுக்குத்தான்.

இன்னொரு சிக்கல் மெட்டு. தெரிந்த சினிமா மெட்டில் புது வரிகளைப் போட்டுப் பாடுவது கானாவின் பழைய வழக்கம். கேட்டவுடன் கூட்டம் சேர்ந்து பாட வேண்டும் என்பதுதான் காரணம். பந்தலில் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. யூடியூபின் கன்டென்ட் ஐடி இயந்திரம் அப்படிப் பார்க்காது. ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து, மெட்டு பொருந்தினால் உரிமைக்காரருக்கு வருமானத்தைத் திருப்பிவிடும், அல்லது வீடியோவை முடக்கும். ஆகவே போனில் நிலைக்க வேண்டுமென்றால் சொந்த மெட்டு வேண்டும். நல்ல வாத்தியார்கள் இப்போது பையன்களிடம் இதை முதல் பாடமாகச் சொல்கிறார்கள். இந்த நெருக்கடியால் புது மெட்டுகள் பிறக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

*

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதிய உடனேயே எழுதியவருக்கு உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அது நிற்கும். நிகழ்த்துகிறவருக்கும் தனி உரிமை உண்டு, 50 வருஷத்துக்கு. நிகழ்த்துகிறவர் யார் யார் என்று சொல்லும் இடத்தில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர் என்று தொடங்கி, கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூடச் சட்டம் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தெருவில் நிற்கும் கலைஞனை இவ்வளவு தெளிவாக ஏற்றுக்கொண்ட வாசகத்தைப் படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

2012 திருத்தம் இரண்டு முக்கியமான காரியம் செய்தது. சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டுக்கு, தியேட்டரில் படம் ஓடுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இரண்டாவது, இதைப் பாடியவன் நான் என்று தன்னை அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமை நிகழ்த்துகிறவருக்கு உண்டு. இந்த இரண்டையும் நாலு வரியில் தமிழில் அடித்து ஒவ்வொரு கானாக் குழுவின் கையிலும் கொடுக்க வேண்டும்.

*

2020 ஊரடங்கு. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. பந்தல் இல்லை, பதினாறாம் நாள் கச்சேரி இல்லை, கோயில் திருவிழா இல்லை. கானாக்காரர்களுக்கும் சாவு மேளக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் அடுப்பு அணைந்தது. அப்போது போன்தான் மேடையாக இருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து பாடி அனுப்பினார்கள். பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அது ஒரு பிடிமானம்.

அந்த டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. மார்கழி என்றால் எந்த இசை, யாருடைய மேடை என்று பல காலமாக எழுதி வைத்திருந்ததில் பறையும் கானாவும் ஒப்பாரியும் தங்கள் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

*

அதற்கு முன்பே, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியது. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பு, இசையை வடிவமைத்தவர் டென்மா. சாதியற்றவர்கள் என்று பொருள்படும் குழுவின் பேருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை இருக்கிறது. கானாப் பாடகரைத் துணைக்குக் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தவில்லை, நடுவில் நிறுத்தினார்கள். அந்தக் குழுவில் ஒரே பெண் இசைவாணி. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் துணிந்து நின்றதை உலகம் கவனித்தது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது.

பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பாடும் கானாவும் யூடியூபில் நிறைய ஓடுகிறது, இதை மறைத்து எழுதினால் கானாவுக்கு நான் நல்லது செய்தவன் ஆகமாட்டேன். பார்வை எண்ணிக்கை அதிகமாகக் கிடைப்பதால் சேனல்காரர்களே அப்படிப் பாடச் சொல்கிறார்கள் என்று பையன்கள் சொல்கிறார்கள். மூத்தவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பெத்த தாயும் கூடப்பிறந்த தங்கச்சியும் உட்கார்ந்திருக்கும் சாவு வீட்டில் பாட முடியாத பாட்டை எங்கேயும் பாடாதே என்பார்கள். இதற்கு மேல் ஒரு தணிக்கை வாரியம் வேண்டியதில்லை.

*

கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய ஆடும் கூத்தை முப்பது நொடியாக நறுக்கினால் மிஞ்சுவது வேஷமும் கிறுகிறுவென்று சுற்றும் சுற்றும்தான். கர்ணன் நள்ளிரவுக்கு மேல் பொன்னுருவியிடம் விடைபெறும்போது கேட்பவர் நெஞ்சு கனப்பதற்கு, அதற்கு முன் கழிந்த அத்தனை மணி நேரமும் காரணம். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினரும், 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கிய பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூய்னும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் தங்கள் வாழ்நாளைச் செலவிட்டார்கள். வீடியோ அதற்குப் பிறகுதான். கானா சின்னப் பாட்டு என்பதால் போனுக்குள் நுழைந்துவிட்டது. எல்லாக் கலைக்கும் ஒரே மருந்தைச் சீட்டெழுதிக் கொடுப்பவர்களிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும்.

*

செய்ய வேண்டியவை. பெரிய திட்டம் ஒன்றுமில்லை, நம் தெருவில் நாமே செய்யக்கூடியவை.

வீடியோ போடும்போது கீழே எழுத வேண்டியது: பாடியவர், எழுதியவர், மெட்டு யாருடையது, டோலக் யார், எந்த ஊர், என்ன நாள், என்ன நிகழ்ச்சி. மரண கானாவாக இருந்தால் முதலில் வீட்டாரின் சம்மதம். துக்க வீட்டுப் பெண்களின் முகத்தை உலகத்துக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

ஒரு பாட்டையாவது வெட்டாமல், ஒரே எடுப்பில் முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். டோலக்காரர் கை தெரிய வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினால் ஒலியும் படமும் சுருங்கிவிடும். மூலப் பதிவை மெமரி கார்டில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். சேனல் முடங்கினால் பாட்டும் முடங்கிவிடக் கூடாது.

மூத்த பாடகர்களின் பாட்டு நோட்டுகளை, அவர்கள் கையால் எழுதியவற்றை, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். நோட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எந்தச் சாவில் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி, காசிமேடு என்று வட்டாரத்துக்கு ஒருவர் இறங்கினாலே பெரிய களஞ்சியம் சேரும்.

சேனலுக்குப் பாடப் போகும் பையன் ஒரு தாளிலாவது வருமானப் பங்கை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் உறுப்பினர் ஆவதற்குக் கானாக்காரர்களுக்கு உதவ ஆள் வேண்டும்.

மாநகராட்சிச் சமூகக் கூடத்தில் மாதம் ஒரு சாயங்காலம் கானாவுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். சாவு இல்லாத நாளிலும் அந்தக் குரலை மக்கள் உட்கார்ந்து கேட்கட்டும். சின்னப் பையன்களும் பெண் பிள்ளைகளும் டோலக்கைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் கிடைக்கட்டும்.

*

கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கண் கலங்க வைத்த கானா ஒன்றை அடுத்தவருக்கு அனுப்பும் முன், இதைப் பாடியவர் யார் என்று கேளுங்கள். அனுப்பியவருக்குத் தெரியாவிட்டால் அவருக்கு அனுப்பியவரைக் கேளுங்கள். வடசென்னை ஒன்றும் அவ்வளவு பெரிய ஊர் இல்லை, மூன்றாவது ஆளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பேரை எழுதி, அதற்குப் பிறகு அனுப்புங்கள். செத்துப்போன ஒரு வெல்டரின் பேரையும் அவர் பேரப்பிள்ளைகளின் பேரையும் ஒன்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டு பாடுகிறவன் அவன். அவன் பேரைக் கேட்டு எழுத நமக்கு இரண்டு நிமிஷம் போதும்.